வேலி நடாமல் சவாரித் திடலை அடைப்பது: பலகை, கழி, மண்கரை, உயிர்வேலி, குழாய்த் தட்டி – எதை எங்கே வைப்பது?

என் பெண்குதிரை திடலைவிட்டு வெளியேறிய அன்று எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம், மெதுவான கேன்டர் (முழுப் பாய்ச்சலுக்குச் சற்றுக் குறைந்த ஓட்டம்). நீளப்பக்கம் முடிந்து லாயத்தை ஒட்டிய மூலை நெருங்கும்போது அவளுடைய இடது காது லாயத்தின் பக்கம் திரும்பியது. அடுத்த இரண்டு எட்டில் இடது தோள் சரிந்தது. நான் வலது லகானை இழுத்தேன். கழுத்து வலப்பக்கம் வளைந்தது. உடலோ இடப்பக்கமாக நழுவிக்கொண்டே போயிற்று. மூலையில் நான் வைத்திருந்த கூம்பு அவள் வயிற்றுக்கடியில் உருண்டது. லாய வாசலில் போய் நின்று நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றுவரை நாலு மூலைக்கு நாலு கூம்பு போதும் என்று நினைத்திருந்த நான், திடலுக்கு எல்லை என்றால் என்ன என்று மறுநாளே முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கினேன். கம்பம் நட்டு, குறுக்குச் சட்டம் அடித்துச் சுற்றிலும் எழுப்பும் வழக்கமான வேலி எனக்கு ஒத்துவராது. குத்தகை நிலத்தில் குழி தோண்டக் கூடாது. மணலைச் சமன்செய்யும் வண்டி நாலு பக்கமும் ஏறி இறங்க வேண்டும். ஆண்டில் சில மாதம் அதே இடம் மேய்ச்சலுக்கும் வேண்டும். இந்தக் காரணங்களில் ஏதோ ஒன்று உங்களுக்கும் இருக்கலாம். செலவு காரணமாக இருக்கலாம். குதிரை வேலியைப் பிடித்துக்கொண்டே நடப்பது பிடிக்காமலும் இருக்கலாம். அதுவும் நியாயமான காரணம்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் வெளி எல்லை

அடைப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, ஆளைக் கீழே தள்ளிவிட்டு ஓடும் குதிரையைத் தடுத்து நிறுத்துவது. மற்றொன்று, இதுதான் கோடு, இதற்குள் நட என்று குதிரைக்கும் சவாரி செய்பவருக்கும் காட்டுவது. முதல் வேலைக்கு உயரமும் வலுவும் வேண்டும். இரண்டாவது வேலைக்குக் கணுக்கால் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போதும். பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், உங்கள் இடத்தில் இந்த இரண்டில் எந்த வேலை ஆக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான்: சேணத்தில் ஆளில்லாமல் குதிரை ஓடினால் எங்கே போய் நிற்கும்? நிலம் முழுவதையும் சுற்றி நல்ல எல்லைவேலி இருந்து, வாயிற்கதவும் மூடியிருந்தால், ஓடும் குதிரை லாயத்துக்குப் போகும், அல்லது மற்ற குதிரைகளிடம் போகும். அங்கே திடலுக்குக் கோடு மட்டும் போதும். எல்லைவேலி இல்லை, பக்கத்தில் வண்டிகள் போகும் சாலை இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையில் வரும் எதுவும் உங்களுக்குப் போதாது. சுமார் 500 கிலோ எடையுள்ள மிருகம் பயந்து ஓடிவந்து சாலையில் ஏறினால் அதன் உயிர் மட்டுமல்ல, வண்டியில் வருபவரின் உயிரும் போகலாம். அந்த இடத்தில் திடலுக்கு உண்மையான வேலியே போடுங்கள்; முடியாவிட்டால் சவாரிக்கு வேறு இடம் பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி, வெளி எல்லை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசலாம். எல்லாப் பொருள்களையும் அளக்க ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன். ஒன்று, அது குதிரையை உண்மையிலேயே தடுக்க வேண்டும். இல்லையென்றால் பட்டதும் விழுந்து வழிவிட வேண்டும். தடுக்க வலுவில்லாமலும் வழிவிட மனமில்லாமலும் நடுவில் நிற்கும் பொருள்கள்தான் காலை முறிக்கின்றன: முழங்கால் உயரத்தில் இறுகக் கட்டிய கயிறு, தரையில் அசையாமல் நிற்கும் கூரிய விளிம்புள்ள பலகை, பாதி புதைத்த இரும்புக் குழாய்.

தாழ்ந்த வெள்ளைப் பலகை

குதிரை குறித்த அசைவுகளை நேர்த்தியாகச் செய்துகாட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. சர்வதேச அளவுத் திடல் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சிறியது 40-க்கு 20. இதைச் சுற்றி நிற்பது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரமுள்ள தாழ்ந்த சட்டம் மட்டும்தான். நன்றாகப் பழகிய குதிரைகள், ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்கும் இடத்திலும் இந்த உயரத்துக்குள்தான் ஓடுகின்றன. எந்தக் குதிரையும் அதை அலட்டாமல் தாண்டிவிடும். தாண்டாமல் இருப்பதற்குக் காரணம் பயிற்சி. பலகை அந்தப் பயிற்சிக்குக் கண்ணில் படும் ஓர் அடையாளம் மட்டுமே.

இதன் நன்மை முழுவதும் அது எப்படிப் பிரிகிறது என்பதில் இருக்கிறது. நல்ல பலகை, தாங்கியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆணியோ திருகோ இருக்காது. குளம்பு பட்டால் கழன்று தட்டையாக விழும். சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே, சட்டத்துக்கும் தாங்கிக்கும் நடுவே, குளம்பு நுழைந்து மாட்டிக்கொள்ளும் இடைவெளி இருக்கக் கூடாது. வாங்கும்போதோ செய்யும்போதோ நான் செய்யும் சோதனை எளிது: பலகையை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் காலால் தட்டிப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் அது ஒரே மாதிரி விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழும் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். வெளியே போன குதிரை திரும்பி உள்ளே வரும்போது அதே பலகை தடுக்கிவிடும்.

திடலில் எந்த இடம் என்று காட்டும் எழுத்துப் பலகைகளைச் சட்டத்தை ஒட்டி வைக்காமல், அரை மீட்டர் வெளியே தள்ளி வைப்பது போட்டித் திடலின் வழக்கம். வீட்டுத் திடலிலும் அதையே செய்யுங்கள். மூலைக்கு நெருங்கிப் போகும் குதிரையின் காலிலோ சவாரி செய்பவரின் அங்கவடியிலோ அவை தட்டாது.

குறை என்று பார்த்தால், காற்று முதலில் வரும். எடையில்லாத பிளாஸ்டிக் பலகை பலத்த காற்றில் புரண்டு விழுகிறது. பாதி விழுந்து பாதி நிற்கும் வரிசையைப் பார்த்தால் சில குதிரைகள் மிரளும். மரப்பலகை காற்றுக்கு நிற்கும். ஆனால் கனமானது, உளுக்கும், ஆண்டுக்கொரு முறை வண்ணம் பூச வேண்டும். 60-க்கு 20 திடலின் சுற்றளவு 160 மீட்டர்; சிறியதற்கு 120. மணலைச் சமன்செய்யும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு பலகையையும் தூக்கி வைப்பது வேலைதான். நான் நீளப்பக்கங்களில் தொடர்ச்சியாக வைக்காமல் ஒரு பலகை, ஓர் இடைவெளி என்று விட்டு வைத்தேன். குதிரைக்கு அதுவும் கோடாகவே தெரிகிறது. மூலைகளில் மட்டும் இடைவெளி விடுவதில்லை. தோள் சரிவது அங்கேதான்.

வெள்ளை நிறத்துக்கும் காரணம் இருக்கிறது. குதிரையின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் நம்மைப்போல் பிரியாது. நமக்குப் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு நிறம், புல்லுக்கு முன்னால் குதிரைக்கு மங்கிவிடும். பிரிட்டனில் தாண்டல் பந்தயங்களின் தடைகளில் இருந்த ஆரஞ்சு நிறத்தை, எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குப் பிறகு, 2022 முதல் வெள்ளையாக மாற்றத் தொடங்கினார்கள். உங்கள் மணல் வெளிர் நிறமாக இருந்தால் வெள்ளைப் பலகையும் அதில் கரைந்துவிடும் என்பதையும் கவனியுங்கள். அப்போது பலகையின் மேல் விளிம்பில் கருநீலப் பட்டை ஒன்று அடித்தால் கோடு எடுப்பாகத் தெரியும்.

பலகைக்குப் பதிலாகக் குட்டைக் கம்பங்களுக்கிடையே பிளாஸ்டிக் சங்கிலி தொங்கவிடுபவர்கள் உண்டு. எளிதில் அறுந்துவிடும் மெல்லிய சங்கிலி என்றால் சரி. அறுகிறதா என்று கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். கயிறு அறுவதில்லை, காலைச் சுற்றும், சுற்றிய காலை குதிரை இழுக்கும், இழுக்க இழுக்க இறுகும். கயிறு உரசிய காயம் ஆறுவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்பது, ஒருமுறை மருந்து போட்டுவிட்டவர்களுக்குத் தெரியும்.

தரைக்கழிகளும் கூம்புகளும்

கையில் இருப்பதை வைத்தே தொடங்கலாம் என்பதுதான் இதன் பெருமை. தாண்டல் பயிற்சிக்கு வைத்திருக்கும் மூன்று மீட்டர் கழிகள் எட்டு இருந்தால் போதும். மூலைக்கு இரண்டாக வைத்து நாலு மூலையையும் கட்டிவிடலாம். நடுவில் எழுத்துகள் வரும் இடத்தில் ஒவ்வொரு கூம்பு. பெரிய திடலின் நீளப்பக்கத்தில் மூலையிலிருந்து முதல் எழுத்து ஆறு மீட்டரில் வரும். அதன் பிறகு 12 மீட்டருக்கு ஒன்று. இந்த அளவில் வைத்தால் வட்டமும் வளைவும் போடுவதற்கும் கணக்கு சரியாக வரும்.

ஆனால் உருண்டைக் கழியிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒருமுறை ஒரு மட்டக்குதிரையின் பின்னங்கால் கழியின் மேல் ஏறுவதைப் பார்த்தேன். குளம்பு கழியின் நடுவில் பட்டது. கழி முன்னால் உருண்டது. காலும் கூடவே முன்னால் சறுக்கியது. குளம்புக்கு மேலுள்ள கணு மணலைத் தொடுமளவு மடங்கியது. கண்மூடித் திறப்பதற்குள் அது காலை மீட்டுக்கொண்டது. நானோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து எல்லைக்கு வைக்கும் கழி எதுவும் உருளக் கூடாது என்பது எங்கள் திடலின் சட்டம். அரைவட்டமாக அறுத்த கழி, அல்லது ஒரு பக்கம் தட்டையாகச் சீவியது. அதுவும் இல்லையென்றால் இரு முனையும் பள்ளம் உள்ள பிளாஸ்டிக் கட்டைமேல் உட்கார வேண்டும். தாண்டல் கம்பங்களை நடுவில் வைத்துக் கழிகளைத் தூக்கி வைப்பவர்கள், காலியாக இருக்கும் இரும்புத் தாங்கிகளைக் கழற்றிவிட வேண்டும். விழுபவர் அதன்மேல் விழுந்தால் கிழிக்கும்.

கூம்பு மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். கூம்பு ஒரு புள்ளி. புள்ளியைக் குதிரை சுற்றிப் போகும். கோட்டைத்தான் தொடர்ந்து போகும்.

மண்கரை: நான் அதிகம் விரும்புவது

நிலம் உங்களுடையதாக இருந்தாலோ, உரிமையாளர் மண் வேலைக்கு ஒப்புக்கொண்டாலோ, இதை எண்ணிப் பாருங்கள். வயல் வரப்பைப்போல, ஆனால் அகலமாகவும் சரிவாகவும், திடலைச் சுற்றி மண்ணை அரை மீட்டர் முதல் முக்கால் மீட்டர் வரை உயர்த்திப் புல் பிடிக்க வைப்பது. உயரும் தரையைக் குதிரை தூரத்திலிருந்தே காண்கிறது. உடம்பே சரிவை உணர்கிறது. வேகத்தில் மூலைக்கு வரும் குதிரை தானாகவே எடையைப் பின்னுக்கு வாங்குகிறது. மீறி ஏறினாலும் ஏறி இறங்கும், அவ்வளவுதான். உடைவதற்கோ குத்துவதற்கோ சிக்குவதற்கோ அங்கே எதுவும் இல்லை. விழுபவருக்கும் புல்தான்.

சரிவு முக்கியம். ஒரு பங்கு உயரத்துக்கு மூன்று பங்கு அகலமாவது உள்பக்கம் வர வேண்டும். செங்குத்தாக வெட்டிய கரை, மழையில் கரையும்; அதன் ஓரத்தில் கால் வைத்தால் இடியும். தண்ணீரை மறந்துவிடாதீர்கள். கரை கட்டிய திடல், வடிகால் இல்லாவிட்டால் குளம். தரைக்குக் கொடுத்திருக்கும் சிறு சாய்வு எந்தப் பக்கம் தண்ணீரைக் கொண்டுபோகிறதோ, அந்தப் பக்கம் கரையில் வாய்க்கால் விட்டு, அல்லது அடியில் குழாய் புதைத்து, வெளியேற வழி செய்த பிறகுதான் மண்ணைக் கொட்ட வேண்டும். நான் நேரில் பார்த்த ஒரு திடலில் வரிசை மாறிப்போயிற்று: கரையை முதலில் கட்டிவிட்டார்கள். முதல் பெருமழையிலேயே மணல் குழம்பாகிவிட்டது. கடைசியில் கரையை மூன்று இடத்தில் உடைத்தார்கள்.

கரையைவிடச் சிறிய உறவினர் ஒன்று உண்டு: மணல் சிதறாமல் இருக்கத் திடலின் ஓரத்தில் வைக்கும் விளிம்புக்கட்டை. இதையே எல்லையாகவும் கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மணலைத் தாங்குவதற்கு அது நல்லது; வேலி இல்லாத திடலில் அதுதான் மணலைக் காப்பாற்றுகிறது. ஆனால் மணல் மட்டத்துக்கு மேலே கூர்முனையோடு 15 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றால், நான் சொன்ன நடுவில் நிற்கும் பொருளாகிவிடுகிறது. மேல் விளிம்பை உருட்டிச் சீவி, மணல் மட்டத்தோடு ஏறக்குறைய ஒட்ட வையுங்கள். பழைய ரயில் பாதைக் கட்டைகள் மலிவாகக் கிடைத்தாலும், கிரியோசோட் எண்ணெய் ஊறியவற்றைக் குதிரை கடிக்கும் உயரத்தில் வைக்கக் கூடாது, அது நஞ்சு. பழைய டயர்களில் மணல் நிரப்பிப் புதைப்பவர்கள், தேய்ந்த ஓரங்களில் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி வெளியே வருகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

உயிர்வேலி

அழகில் இதற்கு இணை கிடையாது. காற்றைத் தடுக்கும், அடுத்த வயலில் நடப்பதைக் குதிரையின் கண்ணிலிருந்து மறைக்கும், புழுதியைப் பிடித்துக்கொள்ளும். அடர்ந்து வளர்ந்துவிட்டால் குதிரை அதை உண்மையான சுவராகவே மதிக்கிறது. ஆனால் அடர்ந்து வளர்வதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். அதுவரை பலகையோ கழியோ வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். செடியைத் தாங்குவதற்காக உள்ளே கம்பி இழுக்காதீர்கள். இலை மூடிய பிறகு அந்தக் கம்பி யாருக்கும் நினைவிருக்காது. குதிரையின் கால்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

எந்தச் செடி என்பதில் கொஞ்சமும் அசட்டை கூடாது. அரளி, குதிரையின் இதயத்தை நிறுத்தும். சில கைப்பிடி இலை போதும், காய்ந்த இலையும் அதே நஞ்சுதான். குளிர்நாடுகளில் வேலிக்கு வளர்க்கும் யூ மரமும் அப்படியே. ஆமணக்கின் விதை கொல்லும். உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். குதிரை கசப்பானதைத் தின்னாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். சவாரிக்கு நடுவே நின்று இளைப்பாறும் குதிரை, சும்மா இருக்கும் வாயால் பக்கத்தில் இருப்பதைப் பறிக்கும். இலை உதிரும் செடி என்றால், உதிர்ந்தது மணலில் மக்கி, தரையைக் கெட்டியாக்கிவிடும். செடிவரிசைக்கும் மணலுக்கும் இடையே ஓரிரண்டு மீட்டராவது விடுங்கள். முள்செடியை நான் திடலோரம் வைக்க மாட்டேன், எவ்வளவு அடர்த்தியாக வந்தாலும்.

பெயர்த்தெடுக்கும் குழாய்த் தட்டிகள்

இவை வழக்கமான வேலியின் வேலையைத்தான் செய்கின்றன. குழி மட்டும் தேவையில்லை. கொக்கியில் கோத்து நிறுத்தலாம், பிரித்து எடுத்துப் போகலாம். இளம் குதிரையைப் பழக்குபவர்களுக்கும், நீள்கயிற்றில் வட்டமடிக்க வைப்பவர்களுக்கும் இதைவிட ஏற்றது இல்லை. 15 முதல் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டம் போதும். இதற்கும் சிறிய வட்டத்தில் தொடர்ந்து ஓடவிட்டால் இளம் மூட்டுகளுக்குக் கேடு.

எடை குறைவான தட்டியை வாங்கிவிட்டுப் பணம் மிச்சம் என்று எண்ண வேண்டாம். மார்பால் மோதும் குதிரை லேசான தட்டி வரிசையை அப்படியே தள்ளிக்கொண்டு போகும். தள்ளியபடி முன்னங்காலைக் குறுக்குக் குழாய்களுக்கிடையில் விட்டுவிட்டால் மொத்த வரிசையும் காலோடு வரும். கனமான தட்டி, 1.5 மீட்டருக்குக் குறையாத உயரம், கீழ்க்குழாய்க்கும் தரைக்கும் நடுவே குளம்பு மாட்டாத இடைவெளி, சில இடங்களிலாவது தரையில் அடித்த முளை. முளையின் தலை மண் மட்டத்துக்கு மேலே தெரியக் கூடாது. முழுத் திடலையும் தட்டியால் அடைப்பதற்கு வேலியே போட்டுவிடலாம். பெரிய திடலின் ஒரு முனையில் வட்டம் ஒன்று மட்டும் தட்டியால் அமைத்து, மீதியைப் பலகையால் கோடிடுவது நல்ல ஏற்பாடு.

மின்நாடாவும் வைக்கோல் கட்டும்

மின்நாடா மேய்ச்சல் நிலத்துக்கு நல்லது. சவாரித் திடலின் ஓரத்தில் கூடாது. அதிர்ச்சி பட்ட குதிரை எந்தப் பக்கம் பாயும் என்று மேலே இருப்பவரால் சொல்ல முடியாது. விழுபவர் நாடாவின் மேலேயே விழலாம். சவாரி நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுவோமே என்பார்கள். நிறுத்த மறக்கும் ஒரு நாள் வரும். மறக்காவிட்டாலும், மின்சாரம் இல்லாத நாடா காலில் சிக்கும் இன்னொரு கயிறுதான். திடலிலிருந்து பல மீட்டர் தள்ளி, வெளி எல்லையாக அதைப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை.

வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பலாம், ஒருநாள் விழாவுக்கு. அதற்கு மேல் வைத்தால் நனையும், பூஞ்சை பிடிக்கும், குதிரை தின்னும். கட்டிய கயிறு தளர்ந்து தரையில் கிடக்கும்.

சுவர் இல்லாதபோது குதிரை என்ன கற்றுக்கொள்கிறது

குதிரையின் தோள், இடுப்பைவிடக் குறுகியது. சுவரை ஒட்டி நடக்கும்போது வெளித்தோளும் வெளியிடுப்பும் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி அது நடந்துகொள்ளும். அப்படி நடந்தால் முதுகுத்தண்டு நேராக இருக்காது, பின்பகுதி உள்ளே தள்ளியிருக்கும். வேலியோரம் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் இதை உணர்வதே இல்லை. சுவர் அவர்களுக்காக வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேலியை எடுத்துவிட்டால், அந்த வேலை நம் வெளிக்காலுக்கும் வெளிலகானுக்கும் வந்து சேர்கிறது. வியன்னாவின் ஸ்பானியச் சவாரிப் பள்ளியில் 1729 முதல் 1735 வரை கட்டிய கூடம் நாலு பக்கமும் சுவர்தான், 55-க்கு 18 மீட்டர். அப்படிப்பட்ட சுவர்களுக்குள்ளேயும் குதிரையைச் சுவரிலிருந்து விலக்கி உள்தடத்தில் ஓட்டிச் சோதிப்பது தேர்ந்த பயிற்றுநர்களின் வழக்கம்.

என் பெண்குதிரை செய்ததை இப்போது என்னால் படிக்க முடிகிறது. நான் உள்லகானை இழுத்தேன், கழுத்து மடங்கியது, மடங்கிய கழுத்து வெளித்தோளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. செய்ய வேண்டியிருந்தது நேர்மாறு: வெளிலகானைக் கழுத்தோடு ஒட்டிப் பிடித்து, வெளிக்காலால் சேணவாருக்குப் பக்கத்தில் அழுத்தி, தோள்களைக் கொண்டு திருப்புவது. அதுவும் காது திரும்பிய கணத்திலேயே. தோள் சரிந்த பிறகு செய்வதற்கு அதிகமில்லை.

பலகை வைத்த பிறகு நாங்கள் பழகிய விதம் இது. முதல் நாள் சவாரியே இல்லை. கையில் பிடித்து இரண்டு பக்கமும் எல்லையைச் சுற்றி நடத்தினேன், அவள் பலகையை முகரட்டும் என்று. ஒரு பலகையை வேண்டுமென்றே தட்டிவிட்டு, அது விழும் சத்தத்தையும் கேட்கவைத்தேன். பிறகு ஒரு வாரம் நடையும் ட்ராட்டும் (நடைக்கும் கேன்டருக்கும் இடைப்பட்ட ஓட்டம்) மட்டும், எல்லையிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே. கேன்டரை லாயத்துக்கு எதிர்முனையில் 20 மீட்டர் வட்டத்தில் தொடங்கினோம். ஓய்வும் தட்டிக்கொடுப்பதும் எப்போதும் எதிர்முனையில்தான். லாயத்துப் பக்க மூலையில் வேலை மட்டும். சவாரி முடிந்து இறங்குவதும் வாசலருகே இல்லை. மூன்றாவது வாரத்தில் அந்த மூலையில் காது திரும்புவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். திரும்பும், என் கால் படும், காது மீண்டும் என்னிடம் வரும்.

அப்படியானால் எதை எடுப்பது?

புதிதாகப் பழகுபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுக்கும் இடம் என்றால், கோடு மட்டும் உள்ள திடலில் அவர்களை ஏற்றாதீர்கள். வெளிலகானும் வெளிக்காலும் இன்னும் கைவராத ஒருவரிடம் சுவரின் வேலையைக் கொடுப்பது நியாயமில்லை. அவர்களுக்குக் குழாய்த் தட்டி வட்டம், அல்லது மார்பளவு உயரமுள்ள உண்மையான அடைப்பு. உயிர்வேலி முழுதாக அடர்ந்திருந்தால் அதுவும் சரி. இளம் குதிரையை முதன்முதலாக ஏற்றும் நாள்களுக்கும் இதுவே.

அமர்ந்து ஓட்டத் தெரிந்தவர், பழகிய குதிரை, நல்ல வெளி எல்லை என்றால் தாழ்ந்த பலகையையே சொல்வேன். குத்தகை நிலத்தில் அதுதான் முதல் தேர்வு, ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். கையில் பணமில்லாதவர் அறுத்த கழிகளோடு தொடங்கி, மூலை மூலையாகப் பலகைக்கு மாறலாம். சொந்த நிலத்தில் பல ஆண்டு ஓட்டப்போகிறவர் மண்கரையில் போடும் உழைப்புக்கு வருத்தப்பட மாட்டார். கரையின் வெளிச்சரிவில் இன்றே நஞ்சில்லாத செடி வரிசை ஒன்றையும் வைத்துவிட்டால், சில ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

எங்கள் திடலில் இப்போது மூன்று பக்கம் பலகை. லாயத்தை ஒட்டிய குறுகிய பக்கத்தில் மட்டும் உரிமையாளரிடம் கேட்டு 20 மீட்டருக்குச் சிறு மண்கரை, புல் பிடித்துவிட்டது. சேணம் பூட்டிய பிறகும் உடனே ஏறுவதில்லை. அவளைக் கையில் பிடித்துக்கொண்டே முதலில் நிலத்தின் வாயிற்கதவுவரை நடக்கிறேன். தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறேன். திரும்பி வரும் வழியில், காற்றில் சாய்ந்த பலகைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைக்கிறேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகுதான் அங்கவடியில் கால்.